பெட்டி விலையா, டிஸ்க் விலையா? பிஎஸ்3 காலம் தொட்டு இன்றுவரை: அனுபவப் பகிர்வு

செந்தூல் பக்கம்:

சோனியின் பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3) விளையாட்டுப் பெட்டி வந்தபோது "அநியாய விலை" என்று சொல்லாதவர்கள் குறைவு. இன்னும் அதையே சொல்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். 2006 நவம்பர் 17 அன்று அமெரிக்காவில் 60 ஜிபி மாடல் 599 டாலர், 20 ஜிபி 499. ஓராண்டு முந்தி வந்த மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் 360 பிரீமியம் 399, கோர் 299. அட்டைப்பெட்டி விலையை மட்டும் பார்த்தால் 200 டாலர் இடைவெளி. டாலர் அப்போது மலேசியாவில் 3 வெள்ளி (ரிங்கிட்) 60 காசுக்கு மேல், ஆகவே நமக்கு 700 வெள்ளிக்கு மேல் வித்தியாசம்.

இப்போது கூட்டிப் பாருங்கள். பிஎஸ்3-இல் உயர்தெளிவுப் படம் பார்க்கும் புளூரே டிரைவ் உள்ளேயே இருந்தது. 360-இல் இருந்தது வெறும் டிவிடி டிரைவ். புளூரேக்குப் போட்டியாக வந்த ஹெச்டி டிவிடியில் படம் பார்க்க வெளியே மாட்டும் டிரைவ் தனியாக 199 டாலர். 399-உடன் 199 சேர்த்தால் 598. பிஎஸ்3-க்கு ஒரு டாலர்தான் குறைவு. வைஃபை வேண்டுமென்றால் 360-க்கு இன்னொரு 99. 60 ஜிபி பிஎஸ்3-இல் அது உள்ளேயே இருந்தது. முதல் 360 மாடல்களில் ஹெச்டிஎம்ஐ (டிவிக்கு உயர்தெளிவுப் படம் அனுப்பும் கேபிள்) துளையே கிடையாது.  ஹெச்டிஎம்ஐ உள்ள எலைட் மாடல் 2007 ஏப்ரலில் 479-க்கு வந்தது.

அந்தக் காலத்துத் தனி பிளேயர் விலைகளையும் வைத்துப் பாருங்கள். தோஷிபா ஹெச்டி-ஏ1 499 டாலர். சாம்சங்கின் முதல் புளூரே பிளேயர் 999. விளையாட்டே வேண்டாம், புளூரே படம் மட்டும் போதும் என்றவருக்கும் பிஎஸ்3-தான் மலிவு. ஐசப்ளை நிறுவனம் பிரித்துப் பார்த்துப் போட்ட மதிப்பீட்டில் 60 ஜிபி பெட்டியின் உற்பத்திச் செலவு 840 டாலர், 20 ஜிபி 806. சோனி ஒவ்வொரு பெட்டியிலும் கைப்பணம் போட்டுத்தான் புளூரேயை வீட்டுக்குள் கொண்டுவந்தது. "அநியாய விலை" என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை.

ஜார்ஜ்டவுன்வாசி:

அண்ணே, கணக்கு சரி. ஆனால் படமே வேண்டாம், விளையாட்டு மட்டும் போதும் என்றவரையும் அந்த டிரைவுக்குப் பணம் கட்ட வைத்தார்களே, அதைச் சொல்லவில்லை நீங்கள். 2 மடங்கு வேகப் புளூரே டிரைவ் நொடிக்கு 9 எம்பி. 360-இன் 12 மடங்கு டிவிடி டிரைவ் டிஸ்க்கின் வெளி விளிம்பில் 16 எம்பி வரை எட்டும். அதனால்தான் பிஎஸ்3-இல் பல விளையாட்டுகள் முதலில் ஹார்ட் டிஸ்க்கில் இன்ஸ்டால் ஆக வேண்டும் என்று உட்கார வைத்தன. மறுபக்கம், 360-இல் தொடக்கத்தில் ஒரு டிஸ்க்கில் விளையாட்டுக்குக் கிடைத்த இடம் 7 ஜிபிக்கும் குறைவு. பெரிய விளையாட்டுக்கு நடுவில் எழுந்து டிஸ்க் மாற்ற வேண்டும். இரண்டிலும் ஒரு சிரமம், எது உங்களுக்குப் பொறுக்கும் என்பதுதான் கேள்வி.

பிறை ரிப்பேர்:

விலைச் சண்டை இருக்கட்டும். பழைய பெட்டியும் டிஸ்க்கும் வாங்குகிறவர்கள் இதைப் படியுங்கள்.

புளூரே, ஹெச்டி டிவிடி இரண்டுக்கும் ஒரே 405 நானோமீட்டர் நீல ஊதா லேசர்தான். வித்தியாசம், தகவல் அடுக்கு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதில். ஹெச்டி டிவிடியில் டிவிடி மாதிரியே 0.6 மில்லிமீட்டர் உள்ளே. புளூரேயில் 0.1 மில்லிமீட்டர்தான். அதனால் ஒரு அடுக்கில் புளூரே 25 ஜிபி பிடித்தது, ஹெச்டி டிவிடி 15. அதே காரணத்தால் டிவிடி தொழிற்சாலையைக் கொஞ்சம் மாற்றினாலே ஹெச்டி டிவிடி அச்சடிக்கலாம். புளூரேக்குப் புது இயந்திரம் வேண்டும்.

வாங்குபவருக்கு இது எங்கே உதைக்கும்? பாலிஷ் போடுவதில். கடைகளில் டிவிடி தேய்க்கும் மெஷினில் புளூரேயைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மேலே இருக்கும் கெட்டிப் பூச்சு போனால் அடியில் தேய்க்க ஒன்றும் இல்லை, டிஸ்க் முடிந்தது. பூஞ்சை மட்டும் பிடித்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு, மைக்ரோஃபைபர் துணி, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோட்டில். வட்டமாகத் தேய்த்தால் கீறல் தகவல் தடத்தோடு போகும், பிளேயரின் பிழைதிருத்தம் தாங்காது. நம் ஊர் ஈரத்துக்கு அலமாரியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

பிஎஸ்3 முதல் மாடலில் டிவிடி ஓடுகிறது, புளூரே ஓடவில்லை என்றால் போர்டு போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். அந்த கேஇஎஸ்-400ஏ லேசரில் லென்ஸ் இரண்டு, புளூரேக்கு ஒன்று தனி. பெரும்பாலும் புளூரே பக்கத்து லேசர் மட்டும் தேய்ந்திருக்கும். லேசர் பகுதியை மட்டும் மாற்றுங்கள். டிரைவின் சிறிய போர்டு தாய் போர்டோடு ஜோடி சேர்க்கப்பட்டது. டிரைவை மொத்தமாக மாற்றிவிட்டு பழைய போர்டைத் தூக்கிப் போட்டால் பிஎஸ்3 விளையாட்டு டிஸ்க் எதுவும் ஓடாது.

அமெரிக்க 360 வாங்கினால் பவர் பிரிக் (மின்சாரம் மாற்றித் தரும் வெளிப் பெட்டி) ஸ்டிக்கரைப் படியுங்கள். 100-127 வோல்ட் என்றிருந்தால் நம் 240 வோல்ட்டில் செருகவே செருகாதீர்கள், போய்விடலாம். உள்ளூர் பிரிக் வாங்கினால் போதும், வெளியே வரும் 12 வோல்ட் இரண்டிலும் ஒன்றே. 203 வாட் பிரிக் பழைய தடிமன் மாடல் எல்லாவற்றுக்கும் பொருந்தும். 175, 150 வாட் பிரிக்குகள் முதல் மாடல்களில் நுழையவே நுழையாது.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:

தம்பி, ஹெச்டி டிவிடி டிஸ்க் கொஞ்சம் கையில் இருக்கிறவர்கள் என்ன செய்வது? 2008 ஜனவரி 4-ல் வார்னர் பட நிறுவனம் புளூரே பக்கம் போனது, பிப்ரவரி 19-ல் தோஷிபா ஹெச்டி டிவிடியைக் கைவிட்டது. புது பிளேயர் இனி வராது.

பிறை ரிப்பேர்:

அக்கா, அந்த எக்ஸ்பாக்ஸ் டிரைவையே தேடிப் பிடியுங்கள். அதில் இருப்பது மினி யூஎஸ்பி, சாதாரணக் கணினியில் மாட்டலாம். விஸ்டாவும் அதற்குப் பிந்திய விண்டோஸும் டிஸ்க்கை நேராகப் படிக்கும். எக்ஸ்பி என்றால் யூடிஎஃப் 2.5 டிரைவர் (இந்த டிஸ்க்கைப் படிக்க உதவும் மென்பொருள்) போட வேண்டும். மேக்எம்கேவி என்ற மென்பொருள் கொண்டு படத்தைக் கணினியில் எடுத்துக்கொள்ளலாம், டிஸ்க்குக்கு 30 ஜிபி வரை காலி இடம் வையுங்கள். ஹெச்டி டிவிடியில் ரீஜன் பூட்டு (ஒரு வட்டார டிஸ்க் வேறு வட்டாரப் பிளேயரில் ஓடாதபடி வைக்கும் தடை) இல்லை, எந்த நாட்டு டிஸ்க்கும் ஓடும். தள்ளிப் போடாதீர்கள்: 2006 முதல் 2008 வரை வந்த டிவிடிகள் சிலவற்றில் உள் அடுக்கு கெடுவதை வார்னரே 2025-ல் ஒப்புக்கொண்டது. அதே காலத்து டிஸ்க்குகள்தான் இவையும்.

செந்தூல் பக்கம்:

ரீஜன் என்றதும் இன்னொன்று. புளூரேயில் மலேசியா ஏ, இந்தியா சி. சென்னையிலிருந்து தமிழ்ப் படம் வாங்கி வரச் சொல்லும் முன் அட்டையின் பின்புறம் எந்த எழுத்து என்று பார்க்கச் சொல்லுங்கள். மூன்று எழுத்தும் இருந்தால் கவலை இல்லை. டிவிடியில் நாம் 3, இந்தியா 5. 4கே டிஸ்க்குக்கு ரீஜன் கிடையாது.

பிஎஸ்5-இலும் அதே டிரைவ் கணக்குதான். 2020 டிசம்பர் 11-ல் இங்கே டிஸ்க் மாடல் 2,299 வெள்ளி, டிஜிட்டல் 1,869. டிரைவுக்கு 430 வெள்ளி. முடித்த விளையாட்டை விற்று ஒவ்வொன்றிலும் 80 வெள்ளி திரும்பினால் ஆறாவது டிஸ்க்கில் அந்தப் பணம் வந்துவிடும். விற்கவே மாட்டேன், படமும் பார்க்க மாட்டேன் என்றால் டிஜிட்டலே போதும். பிஎஸ்5 புரோ 699 டாலருக்கு வந்தது, அதிலும் டிரைவ் இல்லை. அது அப்போது தனியாக 79. மாட்டிய பிறகு ஒரு முறை இணையத்தில் ஜோடி சேர்க்க வேண்டும். பழைய டிரைவை மாற்றி மாட்டினாலும் அப்படியே. பழைய பாட்டு சிடி போடலாம் என்று மட்டும் யாரும் வாங்காதீர்கள், பிஎஸ்5 ஆடியோ சிடியைப் படிக்காது. அதற்கு பிஎஸ்3-ஐ விற்காமல் வைத்திருங்கள்.