ஸோம்பி இல்லாத உலக அழிவுப் படம் ஏதாவது?

ராத்திரி ஷோ:
உலகம் அழிந்த பிறகு நடக்கிற கதை என்று தேடினால் ஸோம்பி, துப்பாக்கி, கடைசியில் ஹீரோ ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, இதுதான் வருகிறது. அலுத்துவிட்டது. எல்லாம் போன பிறகு மனுஷன் எப்படி மனுஷத்தன்மையை விடுகிறான் என்று காட்டுகிற, அதிகம் பேசப்படாத படம் இருந்தால் சொல்லுங்கள். மெதுவாகப் போனாலும் சரி.

பழைய ப்ரொஜெக்டர்:
'இறந்த மனிதனின் கடிதங்கள்', சோவியத் படம், செர்னோபில் அணு உலை வெடித்த அதே 1986இல் வந்தது. இயக்குநர் கான்ஸ்தாந்தின் லோபுஷான்ஸ்கி, பெரிய ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியிடம் 'ஸ்டாக்கர்' படத்தில் வேலை பார்த்தவர், அதனாலேயோ என்னவோ குருவைப் பற்றிப் பேசும்போதுதான் இவர் பெயரும் வருகிறது. அணுகுண்டு விழுந்த பிறகு அருங்காட்சியகம் ஒன்றின் அடித்தளத்தில் சிலர் ஒண்டிக்கொண்டிருக்கிறார்கள். நோபல் பரிசு வாங்கிய பேராசிரியர் லார்சன், உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாத மகன் எரிக்குக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிறார். பல்பு எரிய யாராவது சைக்கிள் பெடலை மிதிக்க வேண்டும். படம் முழுக்க மஞ்சள் காமாலை வந்த மாதிரி ஒரு நிறம்.

போர் எப்படி மூண்டது என்று சொல்கிற இடத்தைக் கவனியுங்கள். கம்ப்யூட்டர் கோளாறில் ஏவுகணை கிளம்பப் போகிறது, ஆபரேட்டர் பார்த்துவிடுகிறான், நிறுத்த நேரமும் இருக்கிறது, ஆனால் கையில் காபி, வேகமாக ஓட முடியவில்லை. ஏழு வினாடி பிந்திவிடுகிறான்.

கடைசி பெஞ்ச்:
நல்ல படம்தான் அண்ணா, ஆனால் அவர் கேட்டது மனுஷத்தன்மை போவதைப் பற்றி. லார்சன் கடைசிவரை நல்லவராகத்தானே இருக்கிறார்? அப்புறம், எனக்கு முதல் அரை மணி நேரம் தூக்கம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

பழைய ப்ரொஜெக்டர்:
தூக்கம் எனக்கும் வந்தது தம்பி, இரண்டாம் தடவைதான் முழுசாகப் பார்த்தேன். ஆனால் நீங்கள் சொல்வதை லார்சனிடம் தேடக் கூடாது. மத்தியப் பதுங்கறைக்கு ஆள் எடுக்கிறார்களே, அங்கே பாருங்கள். அதிர்ச்சியில் பேச்சே நின்றுபோன அநாதைக் குழந்தைகள், உடம்பு தேறாது என்று அவர்களை உள்ளே சேர்க்கவில்லை. மறுப்பவர்கள் கெட்டவர்களாகவும் தெரியவில்லை, விதியைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது அங்கேதான். லார்சன் அந்தப் பிள்ளைகளோடு தங்கிவிடுகிறார், குச்சிகளைக் கட்டி மெழுகுவர்த்தி வைத்து கிறிஸ்துமஸ் மரம் செய்கிறார். ஒரு பிள்ளையும் வாய் திறப்பதில்லை.

ராத்திரி ஷோ:
காபி விஷயமே போதும் தலைவரே, இன்றைக்கே பார்க்கிறேன். தூங்கிவிட்டால் மறுபடி வந்து சொல்கிறேன்.