ரொனால்ட் ராஸ் மலேரியாவின் வழியைக் கண்டறிந்தது செகந்திராபாத்திலா, கல்கத்தாவிலா?

தங்கச்சிமடத்தான்:
இராமேசுவரம் தீவில் சவுக்குக் கன்றுகளுக்கு நீர் ஊற்றுவதற்காக மணலில் தோண்டிய குழிகளில் மருந்து தெளிக்க வந்த சுகாதாரப் பணியாளர் ஒருவர், ராஸ் என்ற ராணுவ மருத்துவர் செகந்திராபாத்தில்தான் மலேரியா பரவும் வழியைக் கண்டறிந்தார் என்றார். அவருக்கு 1902இல் நோபல் பரிசு கிடைத்தது கல்கத்தாவில் பறவைகளை வைத்துச் செய்த ஆய்வுக்காகவே என்று என் மைத்துனர் வாதிடுகிறார். அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கீழக்கரை வாசகர்:
இரண்டும் ஒரே ஆய்வின் இரு பாதிகள், ஐயா. 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்த ராஸ், 1894இல் லண்டனில், மலேரியாவுக்கும் கொசுவுக்கும் தொடர்புண்டு என்று கருதிய மருத்துவர் பாட்ரிக் மான்சனைச் சந்தித்த பிறகே கொசுவைத் துருவத் தொடங்கினார். ஈராண்டுகள் அவர் அறுத்துப் பார்த்தவை பெரும்பாலும் மலேரியாவைச் சுமக்காத இனங்கள். 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில், புழுவிலிருந்து வளர்த்த புள்ளிச் சிறகுக் கொசுக்களை ஹுசைன் கான் என்ற நோயாளியைக் கடிக்க விட்டு (கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலி!), 20ஆம் தேதி ஒரு கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியின் அடையாளமான கருநிறத் துகள்கள் கொண்ட உயிரணுக்களைக் கண்டார். கிருமி கொசுவுக்குள் வளர்கிறது என்பது அதனால் தெரிந்தது. அது மீண்டும் உடலுக்குள் எவ்வாறு நுழைகிறது என்பது தெரியவில்லை. மறுமாதமே அவரை மலேரியா அரிதாயிருந்த ராஜபுதனத்துக் கேர்வாராவுக்கு மாற்றினார்கள். படை நிர்வாகத்தின் பொறுப்பின்மைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1898இல் கல்கத்தாவில், பிளேக் ஊசிதான் போடுகிறார்கள் என்று அஞ்சிய மக்கள் விரலில் குத்த இடம் கொடுக்காததால் பறவைகளிடம் போனார். கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதையும், அக்கொசு கடித்த நல்ல பறவைகள் நோயுறுவதையும் ஜூலையில் காட்டினார். மனிதரிடம் அதை அதே ஆண்டு நிறுவியவர்கள் இத்தாலியின் கிராஸி குழுவினர். கண்டுபிடிப்பு யாருடையது என்று ராஸுக்கும் கிராஸிக்கும் எழுந்த சச்சரவு நெடுநாள் ஓயவில்லை.

மண்டபம் ஆசிரியை:
நீங்கள் சொன்ன குழிகளும் ராஸின் கதையில் வரத்தக்கவையே. 1883இல் பெங்களூரில், தம் ஜன்னலுக்கு வெளியே இருந்த நீர்த்தொட்டியில் புழுக்கள் நெளிவதைக் கண்டு அவர் அதைக் கவிழ்த்ததும் அறையில் கொசு குறைந்தது. மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசுவின் புழு நீர்ப்பரப்பை ஒட்டிப் படுத்தாற்போல் கிடக்கும். மலேரியாவைப் பரப்பாத கியூலக்ஸ் கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கும். குழியை எட்டிப் பார்த்தே இனம் பிரிக்கலாம். கிணற்றையும் மாடித் தொட்டியையும் திறந்து வைத்துவிட்டுக் குழிக்கு மட்டும் மருந்தடித்தால் போதாது. அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்ற இனம் விரும்புவது கிணற்றையும் தொட்டியையும்தான்.

தொண்டி அன்பர்:
ராணுவ மருத்துவர் என்றால் லவரானையும் சேர்க்க வேண்டும். 1880இல் அல்ஜீரியாவில் பணியாற்றிய அந்தப் பிரெஞ்சு மருத்துவர்தான் படைவீரர் ஒருவரின் இரத்தத்தில் மலேரியாக் கிருமியை முதலில் கண்டவர். அவருக்கு நோபல் 1907இல் தான் கிடைத்தது. அவர் கண்டிராவிட்டால், கொசுவின் வயிற்றில் எதைத் தேடுவது என்பதே ராஸுக்குத் தெரிந்திராது.