இறக்கத்தில் மூன்றாவது கியர் கழன்றுவிடுகிறது: ஆம்ஃபிகார் 770

கோத்தகிரியில் இருக்கிறேன். வண்டி 1964 ஆம்ஃபிகார், நிலத்திலும் நீரிலும் ஓடும் கார். 1147 சிசி டிரயம்ஃப் எஞ்சின், பின்பக்கம். மூன்று வாரங்களாகக் குஞ்சப்பனை இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் மூன்றாவது கியர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. எஞ்சின் சூடேறினால் இன்னும் மோசம். வளைவில் பிரேக்கை மட்டும் நம்பும்போது வயிற்றில் புளி கரைகிறது. ஏற்றத்தில் தொல்லையே இல்லை. மற்ற கியர்களும், நீரில் ஓட்டுவதற்கான தனி லீவரும் ஒழுங்காக நிற்கின்றன.

கியர் ராடைச் சரிசெய்தேன், மவுண்ட் ரப்பர்களை மாற்றினேன். கியர்பாக்ஸ் ஆயிலை வடித்தபோது பித்தளைத் தூள் மின்னியது. மேட்டுப்பாளையத்தில் ஒரு மெக்கானிக் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இது படகு” என்று அனுப்பிவிட்டார்.

தேய்ந்தது கியரை நகர்த்தும் செலக்டர் ஃபோர்க்கா, கியர் உரசாமல் விழ உதவும் சிங்க்ரோ வளையமா என்று எஞ்சினை இறக்காமலே கண்டறிய வழி இருக்கிறதா?