சிறு பிள்ளைகளுக்குச் சீனத்துப் பழங்கவிதைகளைச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

கேள்வி: மாடிவாசகன், தண்டையார்பேட்டை

அனைவருக்கும் வணக்கம். துறைமுகத்துக்கு வரும் சரக்குகளைச் சுங்கத்தில் விடுவித்துக் கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். கப்பல் ஆவணங்களைப் படிப்பதற்காகச் சீன மொழி கற்கத் தொடங்கியவன், நான்கு ஆண்டுகளில் வேலைக்குத் தேவையான எல்லையைத் தாண்டி, தாங் அரசமரபுக் காலத்துக் (618–907) கவிதைகளில் போய் மாட்டிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்குத் தெருப்பிள்ளைகள் 11 பேர் கதை கேட்க வருவார்கள். எல்லோருக்கும் 5 முதல் 8 வயதுக்குள்தான். பாதிப் பேருடைய அப்பாமார் காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவர்கள்.

கதைகளுக்கு நடுவில் இரண்டு கவிதைகளைச் சொல்லிக்கொடுக்க முயன்றேன். முதலாவது லி பாய் (701–762) எழுதிய இரவுக் கவிதை. அடிக்கு ஐந்து எழுத்து வீதம் நான்கு அடி, மொத்தம் இருபதே எழுத்து. கட்டிலின் முன்னே நிலவொளி விழுந்திருக்கிறது. தரையில் படிந்த உறைபனியோ என்று ஐயம் வருகிறது. தலை நிமிர்ந்து நிலவைப் பார்க்கிறான். தலை தாழ்த்தி ஊரை நினைக்கிறான். அவ்வளவுதான். இரண்டாவது லியு ஸோங்யுவான் (773–819) எழுதியது. ஆயிரம் மலைகளில் பறவைகளின் பறத்தல் அற்றுப்போயிற்று. பத்தாயிரம் பாதைகளில் மனிதத் தடம் அழிந்துபோயிற்று. தனிப் படகில் வைக்கோல் மழையங்கி அணிந்த கிழவர். குளிர்ந்த ஆற்றின் பனியில் தனியாகத் தூண்டில் போடுகிறார்.

முதல் கவிதையைச் சீன ஒலியிலேயே மனப்பாடம் செய்ய வைத்தேன். இரண்டு வாரத்தில் ஒப்பித்துவிட்டார்கள். மூன்றாம் வாரம் சலித்துவிட்டார்கள். பொருள் கேட்டபோது ஆறு வயதுப் பையன் ஒருவன், ‘யாரோ தரையில் ஐஸைக் கொட்டிவிட்டார்கள்’ என்றான். மீன்பிடித் துறைமுகத்தில் பெட்டிகளுக்காக நொறுக்கிப் போடும் ஐஸைத்தான் அவன் சொன்னான். அது வேறு, இது வேறு என்று உறைபனியைப் பற்றிப் பத்து நிமிடம் விளக்கினேன். விளக்கி முடித்தபோது மூன்று பேர் கீழே இறங்கிப் போயிருந்தார்கள். ஓவியம், விளையாட்டு என்று வேறு வழிகளில் இதைக் கொண்டுபோக முடியுமா? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற ஆசிரியை, இராயபுரம்

தம்பி, அந்தப் பையனைத் திருத்தியது தவறு. சீனக் கவிதையை நான் உங்கள் பதிவில்தான் முதன்முதலாகப் படிக்கிறேன் என்றாலும், முப்பத்தொரு ஆண்டுகள் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் என்ற முறையில் இதைத் தயங்காமல் சொல்வேன். நிலவொளியைப் பார்த்து வெண்மையான குளிர்ந்த பொருள் ஒன்று தரையில் கிடப்பதாகக் கவிஞர் மயங்கினார். உங்கள் பையனும் அதே மயக்கத்துக்கு, தான் தினமும் மிதித்து நடக்கும் பொருளைக் கொண்டு வந்து வைத்தான். எண்ணூருக்கு வடக்கே வளர்ந்த பிள்ளையாக இருந்திருந்தால் உப்பளம் என்று சொல்லியிருக்கும். கவிதை அவனுக்குப் பிடிபட்ட அந்த நொடியில் நீங்கள் வானிலைப் பாடம் எடுக்கப் போய்விட்டீர்கள்.

இரண்டாவது கவிதையைப் படித்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. அதை அப்படியே கரும்பலகையில் செய்யலாம். அந்தக் கவிதை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போகிறது அல்லவா? பிள்ளைகளையும் அழிக்க விடுங்கள். முதலில் ஒன்றுமே சொல்லாமல், பலகை நிறைய மலைகளை வரையச் சொல்லுங்கள். எல்லா மலைக்கு மேலேயும் பறவைகள், எல்லாப் பக்கமும் பாதைகள், பாதை முழுவதும் காலடித் தடங்கள், கீழே ஓர் ஆறு, அதில் ஒரு படகு. அரைமணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. பலகையில் இடமே இல்லாதபடி ஆகட்டும். பிறகு முதல் அடியை மெதுவாகச் சொல்லி, பறவைகளை மட்டும் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். இரண்டாம் அடிக்குப் பாதைகளும் தடங்களும் போக வேண்டும். மூன்றாம் அடிக்கு எதையும் துடைக்கக் கூடாது. தான் பாடுபட்டு வரைந்ததைத் தானே துடைக்கும்போது பிள்ளைகள் தாமாகவே பேச்சை நிறுத்திவிடுவார்கள். வகுப்பறையில் இதை வேறு கதைகளோடு நான் செய்திருக்கிறேன். பலகையில் அந்தச் சாக்பீஸ் புகைமூட்டத்துக்கு நடுவே படகு மட்டும் நிற்கும்போது, ‘தனிமை’ என்ற சொல்லை நீங்கள் உச்சரிக்கவே வேண்டியிருக்காது. தயவுசெய்து உச்சரிக்கவும் வேண்டாம்.

ஒரு முன்னெச்சரிக்கை: துடைக்கும் துணிக்காகச் சண்டை வரும். ஆளுக்கொரு துணி கொடுத்துவிடுங்கள்.

மறுமொழி 2: வியாசர்பாடி வாசகர்

நண்பரே, உங்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை; ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. இந்தப் பகுதியில் மூன்றாம் வகுப்புக்குப் போன பிறகும் தமிழைத் தடுமாறிப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் ஒரு மணி நேரத்தை எட்டாம் நூற்றாண்டுச் சீனக் கவிதைக்குச் செலவிடுவது யாருக்காக? நிலவைப் பார்த்து ஊரை நினைக்கும் கவிதை நம்மிடம் இல்லையா? பாரியின் மகள்கள் ‘அற்றைத் திங்கள்’ என்று தொடங்கிப் பாடிய ஐந்து அடிகள் புறநானூற்றில் இருக்கின்றன. போன மாதம் இதே நிலவில் அப்பாவும் இருந்தார், மலையும் எங்களுடையதாக இருந்தது. இந்த மாதம் இரண்டும் இல்லை. இதைவிட எளிமையாக ஒரு பிள்ளைக்கு எதைச் சொல்ல முடியும்?

மாடிவாசகன்:

ஐயா, நீங்கள் கேட்பது நியாயம். வகுப்பில் கவிதையின் பொருளைப் பேசுவதெல்லாம் தமிழில்தான். சீனம் நாவுக்கான விளையாட்டாக மட்டுமே வருகிறது. ஆனாலும் பாரி மகளிரின் பாடல் எனக்கு நினைவுக்கே வரவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இரண்டையும் ஒரே முழுநிலவு நாளில் சொல்லலாம் என்று இப்போது தோன்றுகிறது.

மறுமொழி 3: பெரம்பூர்க்காரி

அண்ணா, நான் ஆறு ஆண்டுகள் சிங்கப்பூரில் ஒரு பாலர் பள்ளியில் வேலை பார்த்தேன். பக்கத்து வகுப்பில் சீன ஆசிரியை செய்வதை எட்டிப் பார்த்தே நிறையக் கற்றுக்கொண்டேன். நீங்கள் தொடங்கிய வரிசையைத்தான் முதலில் மாற்றச் சொல்வேன். எடுத்த எடுப்பில் லி பாய் வேண்டாம், வாத்திலிருந்து தொடங்குங்கள். தாங் காலத்துக் கவிஞர் லுவோ பின்வாங் ஏழு வயதில் பாடியதாக வழிவழியாகச் சொல்லப்படும் கவிதை அது. மொத்தம் 18 எழுத்து. முதல் அடியில் வாத்து என்ற சொல்லே மூன்று முறை வருகிறது. கழுத்தை வளைத்து வானத்தை நோக்கிப் பாடுகிறது. வெள்ளை இறகு பச்சைத் தண்ணீரில் மிதக்கிறது. சிவந்த பாதம் தெளிந்த அலையைத் தள்ளுகிறது. வெள்ளை, பச்சை, சிவப்பு என்று வண்ணப்பெட்டியைக் கவிஞரே திறந்து வைத்துவிடுகிறார். இதில் பாதம் என்று நாம் பெயர்க்கும் சீன எழுத்துக்கு உள்ளங்கை என்றும் பொருள் உண்டு. எனவே பிள்ளைகள் உள்ளங்கையைச் சிவப்பு வண்ணத்தில் தோய்த்துத் தாளில் பதித்தாலே வாத்தின் கால் வந்துவிடும். இதை ‘அன்னம்’ என்று பெயர்க்க உங்களுக்கு ஆசை வரும்; வேண்டாம். அன்னம் என்றதும் பாலையும் நீரையும் பிரிக்கும் கதை குறுக்கே வந்து நிற்கும். இது குளத்தில் கிடந்து கத்துகிற, துரத்தினால் கொத்த வருகிற பறவை.

ஒலியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்றைய சீனப் பொதுமொழியில் நான்கு தொனிகள் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லாமல் காற்றாடி விட வையுங்கள். கையே காற்றாடி. முதல் தொனிக்குக் கை உயரத்தில் சமமாக நகரும். இரண்டாவதற்கு, காது கேட்காத தாத்தா ‘ஆங்?’ என்று கேட்பதுபோல் மேலே ஏறும். மூன்றாவதற்குத் தாழ்ந்து எழும். நான்காவதற்கு நூல் அறுந்தாற்போல் விழும். ‘மா’ என்ற ஒலியை முதல் தொனியில் சொன்னால் அம்மா, மூன்றாவதில் சொன்னால் குதிரை. பழந்தமிழிலும் மா என்பதற்குக் குதிரை என்ற பொருள் உண்டு. தற்செயலான ஒற்றுமைதான், ஆனால் ஒரு முறை சொன்னால் பிள்ளைகளுக்கு மறக்காது. லி பாய் கவிதைக்குத் திரும்பும்போது முதல், இரண்டாம், நான்காம் அடிகளின் ஈற்றில் வரும் குவாங், ஷுவாங், ஷியாங் ஆகிய மூன்றையும் கைதட்டிச் சொல்ல வையுங்கள். நம் யாப்பில் இயைபு என்று சொல்வது இதுதான். மூன்றாம் அடியில் இயைபு இல்லை. அங்கே கைதட்டாமல் தலையை நிமிர்த்தி நிலவைப் பார்க்க வேண்டும், நான்காம் அடியில் தலையைத் தாழ்த்த வேண்டும். யார் சிரிக்காமல் சிலையாக நிற்கிறார்கள் என்று போட்டி வைத்தால் பொருளும் உடம்பில் ஏறிவிடும்.

எழுத்தைத் தாளில் எழுத வைக்காதீர்கள். சீன நகரங்களின் பூங்காக்களில் பெரியவர்கள் நீண்ட தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துத் தரைக்கல்லில் கவிதை எழுதுவார்கள்; எழுதி முடிப்பதற்குள் முதல் அடி காய்ந்துவிடும். நம் ஊர் வெயிலுக்கும் உங்கள் மொட்டைமாடித் தளத்துக்கும் இதைவிடப் பொருத்தம் கிடையாது. மலைக்கு மூன்று முகடு, நிலவுக்குப் பிறையின் வடிவம், சூரியனையும் நிலவையும் அடுத்தடுத்து வைத்தால் ‘ஒளி’. தவறாக எழுதினாலும் கவலை இல்லை, வெயில் அழித்துவிடும். ஆனால் நான்கு மணிக்கு முன்னால் வெறுங்காலோடு விடாதீர்கள்; தளம் சுடும்.

இன்னொரு விளையாட்டும் உண்டு. கி.பி. 353-இல் வாங் ஷிஜ்ஜி என்ற எழுத்துக்கலைஞர், இன்றைய ஷாவோஷிங்குக்கு அருகில் ஓர் ஓடைக்கரையில் நண்பர்களைக் கூட்டினார். மொத்தம் 42 பேர். மதுக்கிண்ணம் மிதந்து வந்து யார் முன்னால் நிற்கிறதோ அவர் கவிதை பாட வேண்டும். பாட வராதவர்கள் தண்டனையாகக் குடிக்க வேண்டும். 16 பேருக்குக் கவிதை வரவில்லையாம். நான் துணி துவைக்கும் பெரிய பேசினில் காகிதக் கப்பல் விட்டு இதை விளையாடினேன். தண்டனைக்கு ரோஸ்மில்க் வைத்தேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் கவிதை மறந்துபோயிற்று. பாடியவர்களுக்கே ரோஸ்மில்க் என்று விதியைத் திருத்த வேண்டியதாயிற்று.

ஆசிரியை அம்மா சொன்ன பலகை யோசனையைப் படித்துச் சிலிர்த்துப் போனேன். தாங் காலத்துக்குப் பின் வந்த தெற்குச் சோங் அரசமரபுக் காலத்து ஓவியர் மா யுவான் வரைந்ததாகக் கருதப்படும் ‘குளிராற்றில் தனித் தூண்டில்’ ஓவியம் தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பட்டில் ஒரு படகு, ஓர் ஆள், படகைச் சுற்றி நாலைந்து அலைக்கோடு, மற்றதெல்லாம் வெற்றிடம். அம்மா அதைப் பார்க்காமலே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் துடைத்து முடித்த பிறகு அந்தப் படத்தைக் காட்டுங்கள், முன்னால் காட்டிவிடாதீர்கள்.

கடைசியாக, கட்டில் விஷயம். லி பாய் கவிதையின் முதல் எழுத்து கட்டிலா, மடக்கு இருக்கையா, கிணற்றுச் சுற்றுவேலியா என்று சீனர்களே வாதிடுகிறார்கள். சோங் காலத்துப் பதிப்புகளில் மூன்றாம் அடியில் ‘ஒளிநிலவு’ இருக்கும் இடத்தில் ‘மலைநிலவு’ என்றே இருக்கிறது. எனவே எந்தப் பிள்ளையாவது வேறு மாதிரி சொன்னால் பதறாதீர்கள்.

மாடிவாசகன் (அடுத்த வாரம்):

அம்மா, நேற்று உங்கள் முறைப்படியே செய்தேன். நாற்பது நிமிடம் வரைந்தார்கள். மலைக்கு நடுவே ஒருத்தி கலங்கரை விளக்கம் வரைந்தாள். ஒருவன் ஆற்றில் விசைப்படகை வரைந்து அதற்குப் பதிவு எண்ணும் போட்டான். பறவைகளைத் துடைக்கச் சொன்னபோது ஐந்து வயதுக் குழந்தை ஒன்று தன் காக்கையைத் துடைக்க மாட்டேன் என்று கையால் மூடிக்கொண்டது, விட்டுவிட்டேன். பாதைகள் போனதும் நீங்கள் சொன்ன அமைதி உண்மையாகவே வந்தது. கீழே தெருவில் தண்ணீர் லாரிக்குக் குடம் வைக்கும் சத்தம் மேலே வரை கேட்டது. அப்போது, ஐஸ் என்று சொன்ன அதே பையன் என்னைக் கேட்டான்: ‘தனியாக யாரும் போகமாட்டார்களே, இவர் மட்டும் ஏன் போனார்?’ அவனுடைய அப்பா போகும் படகில் எட்டுப் பேர் போவார்கள். 805-ஆம் ஆண்டில் அரசியல் சீர்திருத்தம் தோற்றுப்போய் அந்தக் கவிஞர் தொலைவான யோங்ஜோவுக்கு அனுப்பப்பட்டதைச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று மட்டும் கேட்டேன். ‘கூட்டாளிகள் சண்டை போட்டிருப்பார்கள்’ என்றான். அரசவைச் சண்டையில் ஊரை விட்டு அனுப்பப்பட்டவருக்கு இது தப்பான விளக்கமும் இல்லை.

போகும்போது காக்கைக்காரி தானாகவே பலகைக்குத் திரும்பிப் போய், தன் காக்கையைத் துடைத்துப் படகின் நுனியில் மீண்டும் வரைந்துவிட்டுப் போனாள்.

வரும் ஞாயிறு வாத்து. பெரம்பூர்ச் சகோதரிக்கு ஒரு கேள்வி: உள்ளங்கை பதிக்க எந்தச் சிவப்பு நல்லது? போஸ்டர் கலர் என்றால் சீருடையில் கறை படியும் என்று அம்மாமார்கள் இப்போதே எச்சரித்துவிட்டார்கள்.

பெரம்பூர்க்காரி:

பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்து, கொஞ்சம் மைதா கலந்து கெட்டியாக்கிக்கொள்ளுங்கள் அண்ணா. நிறம் சற்று இளஞ்சிவப்பாகத்தான் வரும். வாத்துக்கு அது போதும். பீட்ரூட்டும் கறை விடக்கூடியதுதான். அதனால் பழைய சட்டை போட்டு அனுப்பச் சொல்லிவிடுங்கள்.