'ஐ ஆம் டிஃபிகல்ட் டு கம்': சேலத்துக்காரர்களின் 'டு' அனுபவங்கள்

செவ்வாய்ப்பேட்டை கணக்குப்பிள்ளை எழுதியது:

கொலுசுப் பட்டறை ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். வெளியூர் வியாபாரிகளுக்கு மெசேஜ் அனுப்புவதும் என் தலையில்தான். போன வருடம் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு வாடிக்கையாளர் ஏற்காட்டில் தங்கியிருந்தார். காலை ஏழு மணிக்கு சாம்பிளோடு மேலே வர முடியுமா என்று கேட்டார். மறுநாள் பட்டறையில் கூலி பட்டுவாடா. 'ஐ ஆம் டிஃபிகல்ட் டு கம் டுமாரோ' என்று தட்டிவிட்டேன். அவரிடமிருந்து ஒரு சிரிப்புப் பொம்மை வந்தது. கூடவே, 'நோ நோ, யூ ஆர் எ வெரி நைஸ் மேன்.'

வரக் கஷ்டம் என்றால் இவர் எதற்கு என்னை நல்லவன் என்கிறார்? கல்லூரியில் படிக்கும் அக்கா மகள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, 'மாமா, நீங்க ஒரு சிடுமூஞ்சின்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க' என்றாள்.

'எனக்கு வரக் கஷ்டம்' என்று சொல்லும்போது கஷ்டம் வருவதில் இருக்கிறது, என்னிடம் இல்லை. அந்த 'எனக்கு' இருந்த இடத்தில் 'ஐ' போட்டதும் டிஃபிகல்ட் நேராக என் தலையில் ஏறிக்கொண்டது. 'இட் இஸ் டிஃபிகல்ட் ஃபார் மீ டு கம்' என்றிருந்தால் வம்பில்லை. பாசிபிளும் இதே ரகம்தானாம். 'ஆர் யூ பாசிபிள் டு கம்' என்று இதுவரை எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பேனோ, நினைத்தாலே கூசுகிறது. உங்களையும் இந்த 'டு' காலை வாரியிருந்தால் எழுதுங்கள்.

அடிவாரம் டாக்சிக்காரர் எழுதியது:

அண்ணா, எனக்குப் பணமும் சேர்ந்து போச்சு. அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. அதில் பதினாலாவதில் கிளட்ச் கருகி வண்டி நின்றுவிட்டது. பின்சீட்டில் வடக்கேயிருந்து வந்த புருஷன் பெண்டாட்டி. மெக்கானிக்குக்கு போன் போட்டேன். 'வர்றேன், வர்றேன்' என்று அடித்துச் சொன்னார். அதைத்தான் அந்த அம்மாவிடம் 'ஹி இஸ் ஷ்யூர் டு கம்' என்றேன். வேறு வண்டியை நிறுத்தலாம் என்று இறங்கப் போன வீட்டுக்காரரை, என் பேச்சை நம்பி அந்த அம்மா உட்கார வைத்துவிட்டார். இரண்டு மணி நேரம் பனியில் உட்கார்ந்திருந்தோம். மெக்கானிக் வரவில்லை. 'யூ கேவ் அஸ் யுவர் வேர்ட்' என்று சொல்லிப் பாதி வாடகைதான் கொடுத்தார் அந்த மனுஷன். நான் எங்கே வாக்குக் கொடுத்தேன்? மெக்கானிக் கொடுத்ததைத்தானே எடுத்துச் சொன்னேன்?

குகை டீச்சர் எழுதியது:

தம்பி, கோபப்படாதீர்கள். வாக்குக் கொடுத்தது நீங்கள்தான்.

'ஹி இஸ் ஈகர் டு கம்' என்றால் ஆசை மெக்கானிக்குடையது. 'ஹி இஸ் ஷ்யூர் டு கம்' என்றால் நிச்சயம் சொல்கிறவருடையது. மெக்கானிக் மனதில் என்ன இருக்கிறது என்பது அந்த வாக்கியத்துக்கு வேண்டாத விஷயம். 'இட் இஸ் ஷ்யூர் டு ரெயின்' என்கிறார்களே, மழைக்கு என்ன மன உறுதி? 'ஹி ஸேஸ் ஹி இஸ் கமிங்' என்றிருந்தால் பழி மெக்கானிக்கோடு போயிருக்கும்.

வெளியில் பார்த்தால் எல்லாம் ஒரே அச்சு, அதுதான் தொல்லை. மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1964-ல் இதற்காகவே இரண்டு வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்: 'ஜான் இஸ் ஈகர் டு ப்ளீஸ்', 'ஜான் இஸ் ஈஸி டு ப்ளீஸ்.' முதல் ஜான் மற்றவர்களைத் திருப்திப்படுத்தத் துடிக்கிறான். இரண்டாவது ஜான் சும்மா உட்கார்ந்திருக்கிறான், அவனைத் திருப்திப்படுத்துவது மற்றவர்களுக்குச் சுலபம். மாறியது ஒரே ஒரு சொல்.

சாம்ஸ்கியின் மனைவி கேரல் சாம்ஸ்கி இதைக் குழந்தைகளிடம் சோதித்து 1969-ல் வெளியிட்டார். 5 முதல் 10 வயதுப் பிள்ளைகள். கண்ணைக் கட்டிய ஒரு பொம்மையை முன்னால் வைத்து 'இந்த டால் ஈஸி டு ஸீயா, ஹார்ட் டு ஸீயா' என்று கேட்டார். சின்னப் பிள்ளைகளில் பலர் ஹார்ட் என்றார்கள். சரி, ஈஸியாக்கு என்றால் கட்டை அவிழ்த்தார்கள்! பொம்மையின் கண்ணுக்குத்தான் பார்க்கக் கஷ்டம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

இதைப் படித்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தம்பி மகனுக்கு ஆறு வயது, இங்கிலீஷ் மீடியம். கொலுவில் வைக்கும் மரப்பாச்சியின் கண்ணில் கைக்குட்டையைக் கட்டி அதே கேள்வியைக் கேட்டேன். 'ஹார்ட்' என்றான். 'கண்ணைக் கட்டிட்டீங்களே அத்தை.' கொஞ்ச நேரம் விட்டு, 'சரி, பொம்மையைப் பார்க்கச் சுலபமா, கஷ்டமா?' என்று தமிழில் கேட்டேன். 'சுலபம்தான், எதிர்லயே இருக்கே' என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். 'பொம்மையை' என்பதில் ஒட்டியிருக்கும் அந்த 'ஐ' உருபு விடையைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லில் அப்படி ஒட்டிக்கொள்ள ஒன்றும் கிடையாது. யார் செய்கிறவர், யாருக்குச் செய்கிறார்கள் என்ற பாரம் முழுக்க ஈஸி, ஈகர் போன்ற சொற்கள் மேல் விழுகிறது. ஆகவே, புதிதாக ஒரு அடைமொழி கற்றால் அதன் பின்னால் வரும் 'டு' யாருடைய வேலை என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்ளுங்கள் என்று வகுப்பில் சொல்கிறேன். கேட்கிறார்களா என்பது வேறு கதை.

நாலு ரோடு சாப்பாட்டு ராமன் எழுதியது:

டீச்சர், அப்போ 'கோழி சாப்பிட ரெடி' என்றால்?

குகை டீச்சர் எழுதியது:

மாட்டிவிட்டீர்களே! அஃறிணையில் உருபைக் கழற்றிவிட்டுப் பேசும் பழக்கம் நமக்கு உண்டு. கழற்றினால் தமிழும் 'த சிக்கன் இஸ் ரெடி டு ஈட்' மாதிரிதான். பண்ணையில் சொன்னால் கோழிக்குப் பசி, உங்கள் வீட்டில் சொன்னால் உங்களுக்கு.

ஏற்காடு காபித் தோட்டத்துக்காரர் எழுதியது:

தோட்டத்திலேயே இரண்டு அறை கட்டி விருந்தினருக்கு விடுகிறோம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்த கதையை அப்பா ஆரம்பித்தார் என்றால் வெளிநாட்டுக்காரர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். அப்படிக் கேட்டுவிட்டுப் போன ஒரு தம்பதி நோட்டில் 'த ஓனர் இஸ் ஈஸி டு டாக் டு' என்று எழுதிவைத்தார்கள். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை, வாசல் போர்டில் எழுதச் சொன்னார். பெயின்டர் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவர். 'டு ரெண்டு வாட்டி வந்திருக்கு சார், ஒண்ணு தப்பு' என்று கடைசி 'டு'வை வெட்டிவிட்டார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது சரி என்றே பட்டது.

ஒரு வருடம் கழித்து வந்த விருந்தாளி ஒருவர்தான் சொன்னார். நாம் டாக் டு ஹிம் என்கிறோம். அந்த 'ஹிம்' முன்னால் போய் ஓனராக நின்றுகொண்டது, 'டு' மட்டும் பின்னால் தனியாக நிற்கிறது. அதை வெட்டக் கூடாது. 'நைஸ் டு லுக் அட்', 'ஹார்ட் டு லிவ் வித்' எல்லாம் இப்படித்தானாம். ஆனால் உள்ளே வேறொரு போர்டில் 'திஸ் வாட்டர் இஸ் நாட் சேஃப் டு டிரிங்க் இட்' என்று எழுதியிருந்தோம். அதில் 'இட்' அதிகப்படி என்றார், ஏனென்றால் குடிக்கிற தண்ணீர் ஏற்கெனவே முன்னால் வந்துவிட்டது. ஆக, வெட்ட வேண்டியதை விட்டுவிட்டு வெட்டக் கூடாததை வெட்டியிருக்கிறோம். பெயின்டர் இரண்டாவது தடவையும் கூலி வாங்கிக்கொண்டார்.

அம்மாபேட்டை பெண் எழுதியது:

எனக்கு இன்டர்வியூவில். 'இட் இஸ் வெரி கைண்ட் ஃபார் யூ டு கால் மீ' என்றேன். வெளியே வரும்போது அங்கிருந்த மேடம் ஒருவர் மெதுவாக, 'கைண்ட் ஆஃப் யூ, மா' என்றார். ஆளின் குணத்தைச் சொல்லும் கைண்ட், ஸில்லி, கிளெவர் எல்லாவற்றுக்கும் ஆஃப், காரியம் ஒருவருக்கு எப்படி இருக்கிறது என்பதற்கு ஃபார் என்றும் சொன்னார். வேலை கிடைக்கவில்லை, இது கிடைத்தது.

செவ்வாய்ப்பேட்டை கணக்குப்பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் நன்றிங்க. அக்கா மகளிடம் காட்டினேன், டீச்சர் பொம்மையை அவள் பக்கத்து வீட்டுப் பையனிடம் சோதிக்கக் கிளம்பிவிட்டாள். டாக்சி அண்ணா, கடைசியில் அந்த மெக்கானிக் வந்தாரா?

அடிவாரம் டாக்சிக்காரர் எழுதியது:

வந்தார், மறுநாள் காலை ஏழரைக்கு. 'வர்றேன்னுதானே சொன்னேன், இன்னைக்கேன்னா சொன்னேன்?' என்றார்.