தாத்தா வீடு குழுவில் ஆர்தாஸ் பஞ்சாயத்து

சனிக்கிழமை, காலை 10.12

நிலா: கார்த்தி அண்ணா, நீங்கள் சொன்ன வார்கிராஃப்ட் 3 கணினி விளையாட்டை ஆரம்பித்துவிட்டேன். 2020-ல் வந்த புதுப் பதிப்புதான். நேற்று ஸ்ட்ராத்ஹோம் முடித்தேன். தூக்கமே வரவில்லை.

சித்தப்பா: (ரோஜாப்பூ படம்) இனிய காலை வணக்கம்

கார்த்தி: வந்துவிட்டாயா அந்த ஊருக்கு! நான் 2003-ல் பிரௌசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து விளையாடியது. அந்தக் கட்டம் முடிந்ததும் பேசாமல் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். பாக்கி 15 நிமிடம் வீண்.

சித்தப்பா: யாரம்மா ஊருக்குப் போனது?

நிலா: விளையாட்டுப்பா. ஆர்தாஸ் என்று ஓர் இளவரசன். தானியத்தில் நோயைக் கலந்து விடுகிறார்கள். அதைச் சாப்பிட்டவர்கள் செத்து, நடக்கும் பிணமாக எழுந்து எதிரிப் படையில் சேர்ந்துவிடுவார்கள். ஸ்ட்ராத்ஹோமுக்கு அவன் வருவதற்குள் தானியத்தைப் பங்கிட்டு முடித்துவிட்டார்கள். அதனால் ஊரையே வெட்டச் சொல்கிறான்.

அத்தை: ஐயோ. எல்லோரும் சாப்பிட்டிருப்பார்களா என்ன? பால் குடிக்கிற குழந்தை, பத்தியம் இருக்கிற கிழவி, யாராவது இருப்பார்களே. நான் 31 வருடம் வார்டில் வேலை பார்த்தவள். காய்ச்சல் வந்த ஊரை அடைப்போம், கொளுத்த மாட்டோம். ஒரு வீட்டுக் கதவையாவது தட்டிக் கேட்டானா?

கார்த்தி: இல்லை அத்தை. அங்கேதான் சண்டை ஆரம்பிக்கிறது. ஆனால் அவன் பக்கமும் கேளுங்கள். அதற்குச் சற்று முன்னால்தான் ஹார்த்க்ளென் என்ற ஊரில் தானியம் சாப்பிட்டவர்கள் கண் முன்னால் மாறியதைப் பார்த்தான். அவனுடைய குரு ஊதர் படையோடு வந்து சேரும் வரை அந்த ஊரை உயிரைக் கொடுத்துக் காத்தான். ஸ்ட்ராத்ஹோமில் ஊரை அடைத்தாலும் மால்கானிஸ் என்ற அசுரன் உள்ளேயே நிற்கிறான். சாகிற ஒவ்வொருவரும் அவன் ஆள். ஊதர் 'வேறு வழி இருக்கும்' என்றார். என்ன வழி என்று கடைசி வரை சொல்லவில்லை.

நிலா: என்னைத் தூங்கவிடாதது அது இல்லை அண்ணா. மால்கானிஸ் 100 பேரை இழுப்பதற்குள் நாம் 100 பேரை முடிக்க வேண்டும். மூலையில் எண் ஓடுகிறது. நான் 70-க்கு வந்தபோது 'சீக்கிரம், சீக்கிரம்' என்று எனக்கே சொல்லிக்கொண்டு அடுத்த வீட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். ஜெயித்த பிறகுதான் எதை எண்ணினேன் என்று உறைத்தது.

அத்தை: 😔

பிரவீன்: அண்ணனும் தங்கையும் சும்மா உருகாதீர்கள். அவனுக்கு அதில் பங்கே கிடையாது. பிணப்படையின் தலைவன் நெர்சூல் விரித்த வலை அது. ஃப்ராஸ்ட்மோர்ன் வாளை வடக்கே போட்டுவைத்து, மால்கானிஸைத் தூண்டில் புழுவாக்கி இவனை அங்கே வரவைத்தான். வாள் கையில் ஏறியதும் ஆன்மா போய்விட்டது. அப்புறம் அப்பாவைக் கொன்றது, நாட்டை அழித்தது எல்லாம் வாள் செய்த வேலை.

நிலா: அப்பாவையா!! பிரவீன் அண்ணா, நான் இன்னும் அங்கே வரவில்லை 😡

பிரவீன்: 2002-ல் வந்த கதை. அதற்கு நான் என்ன செய்ய?

கார்த்தி: வலைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வலை விரித்தவனுக்கு இவன் எதற்கு வருவான் என்று தெரிந்திருக்கிறதே. நிலா, இதுவரை கேட்டதோடு இதையும் கேட்டுக்கொள். வாள் கிடக்கிற அந்த வடக்கு நாடான நார்த்ரெண்டுக்குப் போன பிறகு, படையோடு திரும்பி வரச் சொல்லி அப்பாவிடமிருந்து ஆணை வருகிறது. சிப்பாய்களுக்கும் வீட்டு நினைப்பு. அவர்கள் ஏறிப் போக முடியாமல் ஆர்தாஸ் ஒரு காரியம் செய்கிறான். என்ன என்று நீயே விளையாடிப் பார். பிரவீன், அந்தக் கட்டம் வாளுக்கு முந்தியா, பிந்தியா?

பிரவீன்: ...

பிரவீன்: முந்தி.

கார்த்தி: அப்போது அவன் கையில் இருந்தது ஊதர் காலத்துச் சுத்தியல். ஸ்ட்ராத்ஹோமில் அவன் செய்தது தப்பென்றே வைத்துக்கொள்வோம், மக்களை நினைத்துச் செய்த தப்பு. வடக்கே போன பிறகு அவன் வாயில் மால்கானிஸ் பெயரைத் தவிர வேறு இல்லை. காப்பாற்ற வேண்டிய ஊரெல்லாம் தெற்கே கிடக்கிறது.

சித்தப்பா: கர்ணன் மாதிரியா?

கார்த்தி: இல்லை சித்தப்பா. கர்ணனுக்குத் தான் யார் பக்கம் நிற்கிறோம் என்று தெரியும். இவன் வாளை எடுக்கும் வரை நல்லவர் பக்கம் நிற்பதாகவே நினைத்துக்கொண்டு நடந்தான்.

பிரவீன்: சரி, பழைய காதலி ஜெய்னா கொடுத்த லாக்கெட்டை ஏன் சாகும் வரை வைத்திருந்தான்? 2008-ல் வந்த தொடர்ச்சியில் மத்தையாஸ் லேனர் என்று ஒரு சின்னப் பையன் வருவானே. ஆங்கிலத்தில் அந்த எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் ஆர்தாஸ் மெனெதில். அவனுக்குள் மிச்சமிருந்த மனிதன் அந்தப் பையன். வாள் பூட்டி வைத்த மனிதன்.

கார்த்தி: நீயே உன் கட்சியைக் கவிழ்க்கிறாய். மிச்சம் இருந்தது என்றால் வாள் முழுசாக எடுக்கவில்லை என்றுதானே பொருள்?

பிரவீன்: வக்கீலுக்குப் படித்திருக்கலாம் நீ.

கார்த்தி: எனக்கு உன் மேல் கோபம் இல்லை. 2020-ல் இதே வரிசையில் வந்த ஷேடோலேண்ட்ஸ் விளையாட்டை எழுதியவர்கள் மேல்தான். வாளும், பின்னால் அவன் தலையில் ஏறிய கிரீடமும் ஏதோ ஒரு சிறைக்காவலன் போட்ட திட்டம் என்று மாற்றிவிட்டார்கள். நம் ஆள் 18 வருடம் சுமந்த பாவத்தைப் பிடுங்கி யாரோ முகம் தெரியாதவனிடம் கொடுத்தாயிற்று. பாவம் போனால் அவனிடம் என்ன இருக்கிறது, வெள்ளை முடியா?

அத்தை: கார்த்தி, உன் பெண்டாட்டி ஊரில் இல்லையா?

கார்த்தி: மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள் அத்தை.

இரவு 11.48

நிலா: எரித்துவிட்டேன்.

கார்த்தி: கப்பலையா?

நிலா: நம் சிப்பாய்கள் காட்டை வெட்டிக்கொண்டு கப்பலுக்குப் போகிறார்கள். அவர்களுக்கு முன்னால் போய் எரிக்க வேண்டும். கூலிப்படையை வைத்து எரித்தேன். அவர்கள் வந்து நின்றதும் ஆர்தாஸ் கூசாமல் கூலிப்படையைக் கைகாட்டுகிறான், இவர்கள்தான் எரித்தார்கள் என்று.

அத்தை: கூலியாவது கொடுத்தானா?

நிலா: கொடுத்துத்தான் அழைத்துப் போனான் அத்தை. அப்புறம் அவர்களையே கொல்லச் சொல்லிவிட்டான். முராடின் என்ற குள்ளர் மட்டும்தான் 'உன் ஆட்களிடமே பொய் சொன்னாயே' என்று கேட்டார்.

பிரவீன்: சரி, பாதி ஒத்துக்கொள்கிறேன். பாதிதான்.

சித்தப்பா: நிலா, மணி பன்னிரண்டு. விளக்கை அணை.

நிலா: ஒரே ஒரு கட்டம் அப்பா. வாள் இருக்கும் குகைக்கு வந்துவிட்டேன். வாசலில் ஒரு காவல்காரன் நின்று திரும்பிப் போ என்கிறான்.