ஆக்சஸிபிலிட்டி: அணுகலா, அணுக்கமா, புழங்கலா? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

கும்பகோணத்திலிருந்து, சிறப்பாசிரியர்:

எல்லோருக்கும் வணக்கம். ஊராட்சிக் கட்டடங்களை மாற்றுத்திறனாளிகளே நேரில் போய்ச் சோதித்துக் குறித்துக்கொள்ள ஒரு கையேடு தயாரிக்கிறோம். நூலகம், ரேஷன் கடை, பள்ளிக்கூடம், துணைச் சுகாதார நிலையம் ஒவ்வொன்றுக்கும் தனிக் கேள்விகள். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். எல்லாம் முடிந்தது, அட்டையில் போடும் சொல்தான் பாக்கி: மாற்றுத்திறனாளிகளும் ஓர் இடத்துக்கு வந்து அதைப் பயன்படுத்த முடிவதை ஆங்கிலத்தில் 'ஆக்சஸிபிலிட்டி' என்கிறார்களே, அதற்குத் தமிழ்.

அலைபேசியில் 'அணுகல்தன்மை' என்று இருக்கிறது. போன வாரம் ஒரு கிராம நூலகத்தில் அதைத்தான் சொல்லிப் பார்த்தேன். சக்கர நாற்காலியில் வந்திருந்த பெரியவர், "அணுகத்தான் முடியுதே டீச்சர், வாசல் வரைக்கும் வந்துட்டேனே. உள்ளே போறதுக்கு என்ன சொல்லு?" என்றார். கட்டடம் மூன்றடி பேஸ்மட்டத்தில் நிற்கிறது. தண்ணீர் ஏறுகிற ஊர், அப்படித்தான் கட்டுவார்கள். பக்கத்தில் ஒரு சாய்தளம் உண்டு. அது ஏழடி நீளம். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது கணக்கு, அப்படியானால் முப்பத்தாறு அடி வேண்டும். ஏழடிச் சரிவில் யாரோ பைக்கை ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். சொல் தாருங்கள்.

தஞ்சாவூரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

அம்மா, 'அணுக்கம்' என்று போடுங்கள். 'தன்மை' என்ற வால் தேவையில்லை. பெரிய கோயிலில் கேரளாந்தகன் திருவாசல், இராசராசன் திருவாசல் கடந்து உள்ளே போனால் திருவணுக்கன் திருவாசல். ஆயிரம் ஆண்டுச் சொல் நம் ஊரிலேயே இருக்க, அலைபேசிக்காரர்கள் ஒட்டிய சொல் எதற்கு? அண் என்பது வேர். அண்மை, அண்டை, அணி, அணை எல்லாம் அதன் மக்கள். கல்லணையின் அணையும் இந்தக் குடும்பம்தான் என்பது என் நெடுநாள் கருத்து. நீரை நெருங்கித் தழுவி நிறுத்துவதால் அணை. இதுபற்றித் தனி இழை தொடங்கலாம்.

மன்னார்குடியிலிருந்து, மென்பொருள் தமிழாக்கம் செய்பவர்:

ஐயா, அணை இழைக்கு நான் வருகிறேன், ஆனால் வெள்ளிக்கிழமைக்கு அப்புறம். 'அணுகல்தன்மை' பல கருவிகளின் அமைப்புகளில் ஏறிவிட்டது. கையேட்டில் வேறு சொல் போட்டால், படித்துவிட்டு அலைபேசியில் தேடுகிறவர் எங்கே போவார்? 2010இல் அரசு 'ஊனமுற்றோர்' என்பதை எடுத்துவிட்டு 'மாற்றுத்திறனாளி' என்று வைத்தபோதும் பலர் முகம் சுளித்தார்கள். பேருந்து இருக்கைக்கு மேல் எழுதினார்கள், துறையின் பெயரிலும் ஏறியது, இன்று கண்டக்டர் வாயிலும் அதுதான். சொல் அழகால் நிலைப்பதில்லை ஐயா, ஒரே சொல்லை எல்லா இடத்திலும் எழுதுவதால்தான் நிலைக்கிறது.

திருவையாற்றிலிருந்து, பார்வை மாற்றுத்திறனாளி, வங்கி ஊழியர்:

இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, வள்ளுவர். "அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க" என்பது 691ஆம் குறள். அரசனை விட்டு அகலவும் வேண்டாம், மிக அணுகவும் வேண்டாம், குளிர்காய்கிறவர் போல் இரு என்கிறார். அணுகுவது என்றால் கிட்டே போவது, அவ்வளவுதான். கிட்டே போனபின் என்ன செய்ய முடியும் என்பதை அந்தச் சொல் பேசுவதே இல்லை. நான் ஓர் இணையப் படிவத்தைத் திறக்கலாம், திரையில் இருப்பதை ஒலியாக வாசிக்கும் மென்பொருளான திரைவாசிப்பான் படித்துக் காட்டும், பெயரும் முகவரியும் நிரப்புவேன். கடைசியில் கோணல்மாணலான எழுத்துகளைப் படமாகக் காட்டி இதைத் தட்டு என்பார்கள். ஒலியாகக் கேட்க வழி இருக்காது. அந்தப் பக்கத்தை நான் அணுகியாயிற்று, வேலை முடியவில்லை. வலைப்பக்கங்களுக்கான உலகத் தர நெறியும் நான்கு கேட்கிறது: உணர முடிய வேண்டும், இயக்க முடிய வேண்டும், புரிய வேண்டும், எந்தக் கருவியிலும் உறுதியாக நிற்க வேண்டும். கிட்டே வருவது அதில் ஒரு பகுதி.

இரண்டாவது, யாராவது 'அணுகற்பாடு', 'அணுகற்பேறு' என்று தொடங்குவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். நான் திரைவாசிப்பானை வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறவன். புணர்ந்து ற்ப, ற்ற என்று வரும் சொற்கள் அந்த வேகத்தில் ஒன்றோடொன்று குழம்புகின்றன. சொல்லைப் பார்க்கிறவர்கள் மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

வேதாரண்யத்திலிருந்து, தையல் தொழில்:

பேராசிரியர் ஐயாவுக்கு வணக்கம். அணுக்கன் என்றால் மன்னனுக்கோ சாமிக்கோ மிக நெருங்கியவன். அந்த வாசலுக்குப் படி ஏறித்தான் போக வேண்டும், நான் கீழேயே இருந்து பார்த்துவிட்டு வந்தேன். சிலருக்கு மட்டுமான நெருக்கத்தைச் சொல்லும் பெயரை எல்லோருக்குமான வசதிக்கு வைக்க எனக்கு மனம் வரவில்லை.

2018 நவம்பர் 16, கஜா புயல் கரையேறிய இரவு. எங்கள் தெருவே ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியது. அண்ணன் என்னைத் தூக்கிக்கொண்டு போனான். கூரை இருந்தது, சோறு வந்தது. கழிப்பறை வாசலில் ஒரு படி, உள்ளே திரும்ப இடமில்லை. மூன்று நாள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன். அப்போது அம்மா வந்தவர்களிடம் எல்லாம் கேட்டது ஒன்றுதான்: "எம்புள்ள இங்க எப்படிப் புழங்கும்?"

அந்தச் சொல் போதாதா? புழங்குகிற வீடு, புழங்குகிற பாத்திரம், பணப்புழக்கம், எழுத்துப்புழக்கம். உள்ளே வந்து, யார் உதவியும் கேட்காமல், கூச்சமில்லாமல் நடமாடுவதைத்தான் புழங்குதல் என்கிறோம். 'புழங்குமை' என்று வைத்தால் என்ன?

தஞ்சாவூரிலிருந்து, பேராசிரியர்:

கஜா பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன் அம்மா. அணுக்கத்தை நான் வேறு கண்ணில் பார்த்திருந்தேன், நீங்கள் சொன்ன பொருளும் அதில் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'புழங்குமை' இலக்கணத்தில் நிற்காது. பொறுமை, தாழ்மை சரி. புழங்கு குற்றியலுகர வினையடி. அதன்மேல் 'மை' நேரே ஏறிய பழஞ்சொல் ஒன்று காட்டுங்கள். போதாததற்கு இது வட்டாரப் பேச்சு.

மன்னார்குடியிலிருந்து:

'ஒப்புமை' இருக்கிறதே ஐயா.

தஞ்சாவூரிலிருந்து:

அது 'ஒப்பு' என்ற பெயர்மேல் வந்தது. வினைமேல் அன்று.

திருவையாற்றிலிருந்து:

பெயரோ வினையோ, காதுக்கு இரண்டும் ஒப்பு. வட்டாரச் சொல் என்று தள்ளுவதும் சரியில்லை. இயற்சொல், திரிசொல்லோடு திசைச்சொல்லுக்கும் தொல்காப்பியர் இடம் கொடுத்திருக்கிறார். எனக்கு இன்னோர் ஐயம்: புழை என்றால் துளை, சிறுவாயில். யானையின் தும்பிக்கை புழைக்கை. புழங்கு அதிலிருந்து வந்திருந்தால், வாயிலுக்குள் நுழைந்து நடமாடுவது என்றே பொருள் கிடைக்கும்.

தஞ்சாவூரிலிருந்து:

ஆசைக்கு வேர் காட்டக் கூடாது தம்பி. புழங்கும் வழங்கும் உறவு என்பதே பொருத்தம்.

(இதன்பிறகு புழை, புழல், புழுதி என்று பதினொரு மடல்கள். விட்டுவிடுகிறேன். – மன்னார்குடி)

சென்னையிலிருந்து, பிறந்த ஊர் நாகப்பட்டினம்:

மெரினாவில் 2022 நவம்பரில் சக்கர நாற்காலி அலை வரைக்கும் போக 263 மீட்டருக்குப் பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அதன் ஒரு பகுதி பெயர்ந்தது, பிறகு சரிசெய்தார்கள். எல்லோரும் அதை மரப்பாதை என்றார்கள், கலைச்சொல் எதுவும் கேட்கவில்லை. வேளாங்கண்ணிக் கடற்கரைக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று கையேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத முடியுமா?

கும்பகோணத்திலிருந்து:

நேரம் முடிந்துவிட்டது. குழுவில் ஐந்து பேர் உட்கார்ந்து பேசினோம். மன்னார்குடித் தம்பி சொன்ன தேடல் பிரச்சினைக்காக அட்டையில் 'அணுகல்தன்மை' என்றே போடுகிறோம், மூன்றுக்கு இரண்டு. நான் அந்த இரண்டில் ஒருத்தி. ஆனால் உள்ளே ஒவ்வொரு கேள்வியையும் மாற்றிவிட்டேன். 'கழிப்பறை அணுகத்தக்கதா?' என்று இருந்ததெல்லாம் இப்போது 'கழிப்பறையில் தனியாகப் புழங்க முடிகிறதா?' என்று இருக்கிறது. அந்தப் பெரியவரிடம் படித்துக் காட்டினேன். வேறு விளக்கம் கேட்கவில்லை, நேரே பதில் சொல்லத் தொடங்கிவிட்டார்.

தஞ்சாவூரிலிருந்து:

உங்கள் கேள்விகள் நல்ல தமிழ். அட்டைச் சொல்லில் என் மறுப்பு அப்படியே இருக்கிறது என்று பதிவுக்காக எழுதுகிறேன்.

திருவையாற்றிலிருந்து:

டீச்சர், அச்சகத்தில் பழைய எழுத்துருவில் மாற்றித்தான் பக்கம் கட்டுவார்கள். அந்தக் கோப்பை அனுப்பினால் என் திரைவாசிப்பான் வெறும் குப்பையைப் படிக்கும். ஒருங்குறியில் (யூனிகோடில்) இருக்கும் மூலத்தை அனுப்புங்கள்.

கும்பகோணத்திலிருந்து:

இன்றிரவே அனுப்புகிறேன் தம்பி. உள்ளே பதினான்கு படங்கள் இருக்கின்றன, ஒன்றுக்கும் விவரிப்பு எழுதவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. ஏழடிச் சாய்தளத்திலிருந்து தொடங்குகிறேன். அதில் நிற்கும் பைக்கையும் எழுத வேண்டுமா?